கத்தரியை எடுக்கும் முன் பாலூட்டலைப் பார்த்தார்கள்

பிறக்கும்போது 2.9 கிலோ இருந்த என் மகள், பதினாறாம் நாளிலும் 2.75 கிலோதான் இருந்தாள். எனக்கோ காம்புகள் வெடித்து, ஒவ்வொரு முறை அவள் வாய் வைக்கும்போதும் உயிர் போகும் வலி. கோவையில் முதலில் நாங்கள் போன இடத்தில், குழந்தையின் வாயை அரை நிமிடம் பார்த்துவிட்டு, நாக்கு ஒட்டியிருப்பதாக, அதாவது நாக்கை அடிவாயோடு இணைக்கும் சவ்வு நாக்கை இழுத்துப் பிடிப்பதாகச் சொல்லி, அதை வெட்டும் லேசர் சிகிச்சைக்குத் தேதியே குறித்துவிட்டார்கள். மனம் ஒப்பாமல்தான் இந்தப் பாலூட்டல் ஆலோசனை மையத்துக்கு வந்தோம்.

இங்கிருந்த ஆலோசகர் எடுத்த எடுப்பில் வாயைத் திறந்து பார்க்கவில்லை. குழந்தையை உடுத்திய துணியோடு எடை போட்டு, பால் கொடுக்கச் சொல்லி அருகிலேயே அமர்ந்திருந்து, அதே துணியோடு மறுபடி எடை போட்டார். இருபத்தைந்து நிமிடம் உறிஞ்சியும் கூடியிருந்தது 18 கிராம்தான். உறிஞ்சும்போது 'டக் டக்' என்று நாக்கு நழுவும் சத்தம் வந்ததையும், விழுங்கும் ஒலி அரிதாகவே கேட்டதையும் அவர் சொன்ன பிறகுதான் நான் கவனித்தேன். குழந்தையைப் பிடிக்கும் நிலையை மாற்றிக் காட்டி, பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டச் சொல்லி, நான்கு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். நாக்கு ஒட்டியிருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் வெட்டு தேவையில்லை என்றும், கத்தரியைவிட லேசர் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுவதால், இந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நான்கு நாளிலும் வலி தணியவில்லை. பிறகு இந்த மையத்தின் மருத்துவர் அடிநாக்கை விரலால் தடவிப் பார்த்து, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி பிறந்தவுடன் போடப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். வெட்டினால் தாயின் வலி குறைய வாய்ப்புண்டு, எடை கூடும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். நுனி மழுங்கிய கத்தரியால் அந்த மெல்லிய சவ்வை வெட்டச் சில நொடிகளே ஆயின. பஞ்சில் இரண்டு மூன்று சொட்டு ரத்தம், உடனே மார்பில் போட்டார்கள். அன்றிரவே வலி பாதியாகக் குறைந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் 390 கிராம் ஏறினாள். பிடிக்கும் நிலையை மாற்றியதற்கும் அதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

குறை ஒன்று உண்டு. முன்பதிவு செய்தும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அந்தக் கூடத்தில் மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க இடமே இல்லை. ஒரு மூலையில் திரை கட்டி நாற்காலி போட்டால்கூடப் போதும்.