மகளின் பழைய சைக்கிளும் திருவையாற்றுச் சைக்கிள் கடையும்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருவையாற்றில் கடைத்தெருவிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தில், வேப்பமரத்து ஆணியில் பழைய டயர்கள் தொங்கும். அதுதான் அடையாளம். போன மாசியில் அங்கே ஒரு சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். இப்போது ஐப்பசி. எட்டு மாதம் ஓட்டிவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பது வயது. சென்ற வருடம் தீபாவளி கழிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எதிலும் மனம் ஒட்டாமல் போனது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஆனால் எட்டு மணியானாலும் பாயை விட்டு எழுந்திருக்க முடியாது. தலைக்குக் குளிப்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கும். "உனக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. குறை என்று சொல்ல உண்மையிலேயே எதுவும் இல்லை.

நாத்தனார்தான் வற்புறுத்தித் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மனச்சோர்வு நோய் என்றார் டாக்டர். ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதனை செய்துவிட்டு மாத்திரை எழுதினார். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். கூடவே, தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், காலை வெளிச்சம் உடம்பில் படட்டும், வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் நடங்கள் என்றார். "ஆசை வரட்டும், அப்புறம் செய்யலாம்னு காத்திருக்காதீங்கம்மா. செய்ய ஆரம்பிச்ச பிறகுதான் ஆசை வரும்." அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

நடப்பதுதான் முடியவில்லை. எங்கள் தெருவில் நடந்து போனால் திண்ணைக்குத் திண்ணை நின்று பதில் சொல்ல வேண்டும். "என்னக்கா இப்படி இளைச்சுட்டீங்க?" எல்லாம் பிரியமாகக் கேட்பதுதான், ஆனால் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. இரண்டே நாளில் விட்டுவிட்டேன். அப்போதுதான் கொல்லையில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் கண்ணில் பட்டது. மகளுக்குப் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு யாரும் தொடவில்லை. சைக்கிளில் போகிறவளை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. மணி அடித்தால் வழி விடுவார்கள்.

கடைக்கார அண்ணனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தார். கோட்டம் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்கு நேராக இருந்த போக்ஸ் கம்பிகளைச் சின்ன ஸ்பேனரால் கால் திருகு, அரைத் திருகு என்று முறுக்கினார். துடைத்துவிட்டு மறுபடி சுழற்றினார். நாலைந்து தடவை ஆனபிறகு சாக்பீஸில் எதுவும் படாமல் சக்கரம் ஓடியது. அன்றைக்கு ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு என் கவனம் ஒரே இடத்தில் நின்றது அப்போதுதான்.

"யாரும்மா ஓட்டப் போறது?" என்று கேட்டார். "நான்தாண்ணே" என்றேன். வேறு எதுவும் கேட்காமல் சீட்டை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டார், கால் தரையில் ஊன்ற வசதியாக. அதற்காகவே இந்தக் கடையைச் சொல்வேன். ஓவராயில், இரண்டு டியூப், ஒரு டயர், பிரேக் கட்டை, புதுச் செயின் எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய் ஆனது. "சனிக்கிழமை சனிக்கிழமை வந்து காத்து அடிச்சுக்குங்க, காசு வேண்டாம்" என்றார்.

முதல் நாள் சைக்கிளை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்ப உள்ளே கொண்டுவந்தேன். அவ்வளவுதான் முடிந்தது. அதையும் காலண்டர் தாளில் ஒரு புள்ளி வைத்துக் கணக்கில் சேர்த்தேன். நான்காம் நாள் தெருமுனை. இரண்டாவது வாரம், கல்லணை ரோட்டில் தில்லைஸ்தானம்வரை போய்த் திரும்பினேன். போக வர நாலு கிலோமீட்டர் இருக்கும். ஐந்தே முக்காலுக்கு அலாரம், ஒரு டம்ளர் காபி, உடனே கிளம்பிவிடுவது. மத்தியானத் தூக்கத்தை விட்டேன். போனைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். சில நாள் முடியாது. முடியாத நாளுக்கு வாசல்வரை தள்ளினாலும் புள்ளி உண்டு. நடுவில் ஒரு ராத்திரி மனம் தாங்காமல் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு வருகிறவர்கள் சைக்கிளை எல்லாம் யோசிக்காமல் முதலில் அங்கே பேசுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் ஓட்ட ஆரம்பித்தபோது காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, ஆனியில் ஒரு நாள் காலையில் தண்ணீர் வந்திருந்தது. நுரையும் சருகுமாக, செம்மண் நிறத்தில். படித்துறையில் சைக்கிளை நிறுத்தி இறங்கிக் காலை நனைத்தேன். திரும்பும் வழியில் ஒரு பாட்டியிடம் முளைக்கீரை ஒரு கட்டு வாங்கினேன். மசிக்கலாமா, கூட்டு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுப்பைப் பற்ற வைக்கும்போதுதான், என்ன சமைப்பது என்று நானாக யோசித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று உறைத்தது. மாத்திரையும் இதற்குக் காரணம், சைக்கிளும் காரணம். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மாத்திரை இன்னும் ஓடுகிறது.

கடையில் குறையும் உண்டு. இரண்டு நாள் என்று சொல்லி ஐந்து நாள் ஆக்கினார். செயின் கவர் உரசி டக் டக் என்று சத்தம் வந்து, மறுபடி கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சீட் கட்டை மாதிரி இருக்கிறது. முதல் மாதம் மேலே ஒரு பழைய துண்டை மடித்துக் கட்டித்தான் ஓட்டினேன். மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறப்பார். ஞாயிறு விடுமுறை.

போன சனிக்கிழமை காற்று அடிக்கப் போனபோது பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று காட்டினார். அடைமழை பிடிப்பதற்குள் மாற்றிவிட வேண்டும். மழை நாளில் வெளியே எல்லாம் போக வேண்டாம், வீட்டுக் கூடத்திலேயே நடங்கள் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். தூறல் என்றால் போகலாம் என்று நான் நினைக்கிறேன். பின் சக்கரத்துக்கு ஒரு மட்கார்டு ரப்பர் கேட்டிருக்கிறேன்.