நோய் திரும்புமோ என்ற பயம்: மைண்ட்ஃபுல்னஸா, கான்கர் ஃபியரா?

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, "இனி ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நோயைத் தாண்டி வந்தவருக்கோ பல நேரம் அப்போதுதான் பயம் ஆரம்பிக்கிறது. முதுகு வலித்தால் அதுவாக இருக்குமோ, இருமல் நிற்காவிட்டால் அதுவாக இருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஸ்கேன் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விடும். இந்தப் பயத்தைக் குறைக்கச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழிகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது மைண்ட்ஃபுல்னஸ்: மூச்சையும் உடம்பையும் எண்ணங்களையும் நல்லது கெட்டது என்று எடைபோடாமல் கவனிக்கப் பழகும் தியானப் பயிற்சி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் 1979இல் தொடங்கிய 8 வாரப் பயிற்சிதான் இந்தச் சிகிச்சை முறைக்கு அடிப்படை. அதை 6 வாரமாகச் சுருக்கி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 322 பேரிடம் ஃபுளோரிடாவில் செசில் லெங்காக்கரின் குழு சோதித்தது. 2016இல் வெளியான முடிவுப்படி, பயிற்சி எடுத்தவர்களுக்குப் பயமும் களைப்பும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் வித்தியாசம் பெரிதல்ல. அந்த மற்றவர்களுக்குக் கிடைத்தது வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் ஃபிலிஸ் புட்டோவின் குழு உருவாக்கிய 'கான்கர் ஃபியர்' (ConquerFear, அதாவது 'பயத்தை வெல்') என்ற உளவியல் சிகிச்சை. உளவியலாளரோடு தனியாக 10 வாரத்தில் 5 அமர்வுகள். 2017இல் வெளியான ஆய்வில் இருந்த 222 பேருமே பயம் அதிகமாக இருந்தவர்கள். இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மற்றக் குழுவுக்கும் உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சி கொடுத்தார்கள். அப்படியும் கான்கர் ஃபியர் முந்தியது. ஆறு மாதம் கழித்தும் பலன் நின்றது. சோதனை கடினமானது என்பதால் இந்த முடிவுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

இரண்டும் முற்றிலும் எதிரெதிர் என்று சொல்ல முடியாது. எண்ணம் வந்தால் அதோடு வாதாடாமல் வந்தபடியே போகவிடுவதைக் கான்கர் ஃபியரும் கற்றுத்தருகிறது. வேறுபாடு கவனத்தை எங்கே திருப்புகிறார்கள் என்பதில்தான். மைண்ட்ஃபுல்னஸில் படுத்துக்கொண்டு கால்விரலிலிருந்து தலைவரை உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்க வேண்டும். அறுவைத் தழும்பு இருக்கும் இடம் வரும்போது சிலருக்குப் பகீரென்று இருக்கும். நல்ல ஆசிரியர் அங்கேயே பிடித்து நிறுத்த மாட்டார்; "சரி, பாதத்துக்கு வாங்க, தரை தெரியுதா பாருங்க" என்பார். கான்கர் ஃபியரில் கவனம் வெளியே போகிறது. மின்விசிறி, தெருவில் போகும் வண்டி, கடிகாரம் என்று ஒவ்வொரு சத்தமாகக் கேட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று மாறிப் பழக வேண்டும். சதா உடம்பையே நோட்டம் விடுகிறவருக்கு இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயத்தை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். "இந்த வலியை டாக்டரிடம் காட்டணுமா, வேண்டாமா?" என்ற கேள்விக்கு மூச்சைக் கவனிப்பது பதில் தராது. எந்த அறிகுறியைப் பார்க்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டால் போதும் என்பதைக் கான்கர் ஃபியரில் பேசி முடிவு செய்கிறார்கள். குளிக்கும்போதெல்லாம் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவருக்கும், பயந்துபோய் செக்கப்புக்கே போகாதவருக்கும் அந்தப் பேச்சு அவசியம். அவர்களை வெறும் தியான வகுப்புக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

பயம் பின்னணியில் இருந்து, ஸ்கேன் வாரத்தில் மட்டும் பொங்கி எழுகிறதா? அப்படியானால் மைண்ட்ஃபுல்னஸிலிருந்தே தொடங்கலாம். குழுவாக நடப்பதால் செலவு குறையும். அதே பயத்தோடு இருக்கும் நாலு பேரைப் பார்ப்பதும் தனி ஆறுதல். கான்கர் ஃபியருக்குப் பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும்; அவர் கிடைப்பதுதான் சிரமம். கிடைக்காத ஊரில், புற்றுநோயாளிகளோடு பழகிய மனநல ஆலோசகர் யாராவது இருக்கிறாரா என்று சிகிச்சை தந்த டாக்டரிடமே கேளுங்கள்.

மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பில் எளிய யோகாவும் உண்டு. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அதை முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கையை எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு பாரம் தாங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.