"டிடிஆர்4னா எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி ரேம் மாட்டித் தரும் கடைகளிடம் கவனம்

லேப்டாப்புக்கு ரேம் (வேலை ஓடும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) கூட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அரை மணி நேர வேலை எனக்கு ஐந்து வாரம் இழுத்தது. பணம் போனதைக்கூட விடுங்கள், என் ஃபைல்கள் கெட்டுப்போனதுதான் இன்னும் ஆறவில்லை.

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம். என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம் ஒன்று மட்டும் இருந்தது, பக்கத்து ஸ்லாட் காலி. ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலர் வேலை வந்தது. 120 பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம். லேப்டாப் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. சரி, 8 ஜிபி ஒன்றை வாங்கிப் போடலாம் என்று ஒரு கடைக்குப் போனேன்.

என் பழைய ரேம் டிடிஆர்4 என்ற தலைமுறையைச் சேர்ந்தது. அதன் லேபிளில் வேகம் 2666 என்று இருந்தது. கடைக்காரர் எடுத்து வந்ததில் 3200. "வேற வேற ஸ்பீடா இருக்கே, பரவாயில்லையா?" என்று கேட்டேன். "அக்கா, டிடிஆர்4னா எல்லாம் ஒண்ணுதான். கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்றார். பெட்டி இல்லை, பிளாஸ்டிக் உறை இல்லை, மேசை டிராயரிலிருந்து எடுத்தார். 2,200 ரூபாய். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டில் 'லேப்டாப் ரேம் 8 ஜிபி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். கம்பெனி பெயர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி இல்லை. நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நீலத் திரை வந்தது. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று போட்டுவிட்டு அதுவாக ரீஸ்டார்ட் ஆனது. மறுநாள் 'பேஜ் ஃபால்ட்' என்று வேறொன்று. அதற்கடுத்த நாள் 'ஐஆர்க்யூஎல்' என்று இன்னொன்று. இப்படி ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் வந்தால் முதலில் ரேமைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ரேம் விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

திரும்பப் போனேன். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் தேய்த்து மாட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் ஓடியது. அடுத்த முறை, விண்டோஸில் இருக்கும் மெமரி டெஸ்டை என் கண் முன்னே ஓட்டிக் காட்டி, "பாருங்க, ரேம்ல ஒண்ணும் இல்ல. விண்டோஸ் கரப்ட்" என்றார். ஃபார்மேட்டுக்கு 600 ரூபாய். வீட்டுக்கு வந்து நாலு நாளில் மறுபடியும் நீலத் திரை. மூன்றாவது முறை போனபோது, "மதர்போர்டு போயிடுச்சு, சிப் லெவல் வேலை, 4,500 ஆகும்" என்றார். அதையும் கொடுத்திருப்பேன். கையில் அன்று பணம் இல்லாததால் தப்பித்தேன்.

அன்றிரவு சென்னையில் இருக்கும் சித்தி மகனிடம் போனில் புலம்பினேன். "அக்கா, புது ரேம் போட்ட பிறகுதானே ஆரம்பிச்சுது? அப்போ மதர்போர்டு எங்கேருந்து வந்துச்சு?" என்றான். விண்டோஸ் டெஸ்ட் பல சமயம் தவறை விட்டுவிடும் என்றும் சொன்னான். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்யச் சொன்னான். விண்டோஸுக்குள்ளேயே போகாமல் அது ரேமைச் சோதிக்கும். "ரெண்டையும் சேர்த்து ஓட்டினா எதுன்னு தெரியாது. ஒண்ணு ஒண்ணா போட்டு ஓட்டு" என்றான்.

பழைய ரேமை மட்டும் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். நாலு சுற்றும் முடிந்தது, ஒரு பிழைகூட இல்லை. மறுநாள் இரவு புது ரேமை மட்டும் போட்டேன். முதல் இரண்டு சுற்று சுத்தம். மூன்றாவதில் பிழைகள் வர ஆரம்பித்தன. இரண்டையும் சேர்த்துப் போட்டபோது முதல் சுற்றிலேயே வந்துவிட்டன.

அப்புறம் சிபியூ-இசட் என்ற மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ரேமிலும் ஒரு சின்ன சிப் உண்டு. தன் வேகம் என்ன, எந்தக் கம்பெனி, எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்தது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். லேப்டாப் ஆன் ஆகும்போது இதைப் படித்துத்தான், இரண்டு ரேமுக்கும் ஒத்துவரும் வேகத்தில் ஓட்டும். என் 'புது' ரேமில் இருந்தது 2400. செய்த ஆண்டு 2017. ஸ்டிக்கரில் ஒரு கம்பெனி, சிப்புக்குள் வேறு கம்பெனி. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாக எழும்பியிருந்தது. நகத்தால் நெம்பினால், அடியில் கிழித்தெடுத்த பழைய லேபிளின் வெள்ளைத் துணுக்குகள். பற்களில் ஏற்கெனவே பலமுறை கழற்றி மாட்டிய கோடுகள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேகம் வேறுபட்ட ரேம்களைச் சேர்த்துப் போடுவது மட்டுமே எப்போதும் குற்றமில்லை. நல்ல ரேமாக இருந்தால் வேகமானது இறங்கிவந்து மெதுவானதோடு சேர்ந்து ஓடும். டிடிஆர்3 ரேமின் பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் டிடிஆர்4 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. லேப்டாப்புக்கான டிடிஆர்4 எதுவானாலும் நுழையும், மின்னழுத்தமும் பொதுவாக அதே 1.2 வோல்ட்தான். அந்த அளவுக்குக் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் நுழைவது வேறு, ஒத்துப்போவது வேறு. யாரோ தேய்த்துப் போட்ட ரேமுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தந்தால் எந்த லேப்டாப்பும் தாங்காது.

கடைக்குப் போய்ச் சோதனைப் படங்களைக் காட்டினேன். "சப்ளையர் அனுப்பினதுக்கா, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். எஸ்டிமேட் சீட்டைக் காட்டினால், "இதுல நம்ம கடைப் பேரே இல்லையே" என்றார். கடையில் இருந்த இன்னொருவர் குறுக்கிட்டு 1,000 ரூபாய் கொடுத்து அனுப்பினார். அதற்கு மேல் பேசவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தபோது அவர்கள் முதலில் கேட்டதும் பில்தான். 5 லட்சம் வரையான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஆனாலும் சீட்டில் கடைப் பெயர் இல்லையென்றால் எதை வைத்து நிரூபிப்பது? சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் தர மறுக்கும் கடையில் ரேம் வாங்காதீர்கள். மாட்டிய உடனே, பணம் கொடுக்கும் முன்பு, சிபியூ-இசட் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, ரேம் சந்தேகம் வந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள். கெட்ட ரேம் வெறுமனே லேப்டாப்பை அணைப்பதோடு விடாது. சேவ் செய்கிற ஃபைலிலும் சத்தமில்லாமல் தப்பு எழுதும். அந்த ஐந்து வாரமும் நான் பென் டிரைவில் பேக்கப் எடுத்துக்கொண்டேதான் இருந்தேன். எடுத்ததெல்லாம் அந்த ரேம் வழியாகப் போனவைதானே. ஜிப் ஃபைல்கள் இரண்டு திறக்கவில்லை. ஸ்கேன் செய்த படங்களில் பதினொன்று பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாகிவிட்டன.

அதில் ஒன்று, கோயிலின் பழைய கும்பாபிஷேகத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறுகிறார்கள். அந்தப் படத்தை வைத்திருந்த பெரியவர், அது ஒருநாள்கூட வீட்டில் இல்லாமல் இருக்கக்கூடாது என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்கேன் செய்யவைத்து, கையோடு வாங்கிக்கொண்டு போனவர். திரும்பவும் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து, ஒரு துண்டில் சுற்றி, தானே எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.