வேதாகமம் மட்டுமா, மரபும் சேர்த்தா?

திருகோணமலையில் கத்தோலிக்க வீட்டுக்கும் மெதடிஸ்த வீட்டுக்கும் கலியாணம் பேசினால், எந்தக் கோயில் என்ற கேள்வி கட்டாயம் வரும். மெதடிஸ்தம் புரட்டஸ்தாந்தப் பிரிவுகளில் ஒன்று. அடிப்படை வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

அதிகாரம்
கத்தோலிக்கம்: வேதாகமமும் திருமரபும் (திருச்சபை வழிவழியாகக் கையளித்த போதனை) சேர்ந்தே. 1546இல் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்து சங்கம் இதை அறுதியிட்டது.
புரட்டஸ்தாந்தம்: இறுதித் தீர்ப்பு வேதாகமத்துக்கே. மரபைத் தூக்கி எறியவில்லை. திருச்சபையின் பழைய விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணத்தை மெதடிஸ்தரும் சொல்கிறார்கள்.

விளக்கம்
கத்தோலிக்கம்: வேதாகமத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் பாப்பரசருக்கும் ஆயர்களுக்கும்.
புரட்டஸ்தாந்தம்: போதகர் சொன்னாலும் வசனத்தோடு ஒத்துப்பார்க்கலாம். இதனால் பிரிவுகளும் பெருகின.

நூல்கள்
கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள், புரட்டஸ்தாந்த வேதாகமத்தில் 66. சின்ன விஷயம் இல்லை. இறந்தோருக்காக வேண்டுதல் செய்வதைச் சொல்லும் இரண்டாம் மக்கபேயர் நூல் கத்தோலிக்க வேதாகமத்தில் உண்டு, புரட்டஸ்தாந்தத்தின் 66இல் இல்லை. இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் திகதி அம்மம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிச் செபிப்பவருக்கு அது பெரிய ஆறுதல். மெதடிஸ்தர் கல்லறைக்குப் பூ வைத்து நன்றி சொல்வார்கள், பொதுவாக ஆன்மாவுக்காக மன்றாடமாட்டார்கள்.

தலைமுறைகளாக வந்த செபமும் தெளிவான போதனையும் வேண்டுபவருக்குக் கத்தோலிக்கம் பொருந்தும். வசனத்தில் காணாததை விசுவாசமாக ஏற்க மனம் ஒப்பாதவருக்குப் புரட்டஸ்தாந்தம். இரண்டு வீட்டாரும் கலியாணத்துக்கு முன்பே சுவாமியையும் போதகரையும் சந்தித்துப் பேசுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளின் ஞானஸ்நானம் பற்றி.