சுங்கை சிப்புட்டில் எண் பட்டை மாற்றப் போகிறவர்கள் கவனத்திற்கு

தோட்டத்து மண்சாலையில் ஓடி ஓடி என் காரின் எண் பட்டையில் ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டது. பட்டணத்தில் உள்ள ஓர் உதிரிப்பொருள் கடையில் மாற்றக் கொடுத்தேன். சாதாரணப் பட்டை போதும் என்று சொல்லியும் கடைக்காரர் விடவில்லை. "அண்ணே, சாதாரணம் இனிச் செல்லாது. ஜே.பி.ஜே. (மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா) புதுச் சட்டம் போட்டிருக்கிறது. எல்லா வண்டிக்கும் இந்த எழுத்துதான்" என்று சாதித்து, 120 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார். பட்டையின் மூலையில் 'ஜே.பி.ஜே. அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு வில்லை வேறு மினுமினுத்தது.

அத்தனையும் பச்சைப் பொய். அவர் காட்டிய எழுத்து, மின்சார வாகனங்களுக்காக 2024 செப்டம்பரில் வந்த பட்டையின் ஜெர்மானிய பாணி எழுத்து. அந்தப் பட்டை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து கொண்டது. அதிகாரபூர்வ விலையே 98 வெள்ளிதான். நம் பெட்ரோல் கார்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நமக்குப் பழையபடி கறுப்பில் வெள்ளை எழுத்துதான்.

மருமகன் பெயருக்குக் காரை மாற்ற, ஈப்போவில் சோதனைக்குக் கொண்டுபோனபோது குட்டு வெளிப்பட்டது. சோதித்தவர் பின்பக்கம் குனிந்தார், பட்டையை விரலால் தட்டினார், தாளில் 'தோல்வி' என்று குறித்துவிட்டார். வீட்டுக்கு வந்து பிள்ளையின் அடிக்கோலை வைத்து அளந்தேன். காருக்கு எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40, கோட்டின் தடிமன் 10 இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அளவு வேறு. என் பட்டையிலோ கோடு 6 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. எழுத்தின் நிறமும் வெள்ளை இல்லை, ஈயச் சாம்பல். எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நடுவே விட வேண்டிய 30 மில்லிமீட்டர் இடைவெளியை, அழகுக்காகவாம், விழுங்கிவிட்டிருந்தார்.

சாலையில் நிறுத்தியிருந்தால் சம்மன் 300 வெள்ளி வரை போயிருக்கும். அது கடைக்காரர் பெயருக்கு வராது, வண்டிக்காரர் பெயருக்குத்தான் வரும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "எத்தனை பேர் இதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன?" என்று எரிந்து விழுகிறார். ஓடுகிறார்கள், உண்மைதான், சோதனைக்குப் போகும்வரை ஓடலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுத்திருக்கிறேன். வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். அதனால்தான் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

அதே கடையில் வாங்கியவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் 'பிளேட் 1 செட்' என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது, அங்கீகாரம் பற்றி ஒரு சொல் இல்லை. உங்களிடம் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் தெரிவியுங்கள், விசாரணைக்கு உதவும்.