அப்பரா, வள்ளலாரா: அநீதியை எதிர்த்த இரண்டு வழிகள்

கடலூர்க்காரர்களுக்கு இந்த ஒப்பீடு வீட்டு விஷயம். திருவாமூரில் பிறந்த அப்பர் 7-ஆம் நூற்றாண்டுக்காரர். பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணியாமல் "நாமார்க்கும் குடியல்லோம்" என்றார். கல்லில் கட்டிக் கடலில் எறிந்தும் அவர் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் ஏறினார் என்பது புராணச் செய்தி. கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. அரசனை நேருக்கு நேர் மறுத்த துணிவு அது.

வள்ளலார் எதிர்த்தது அரியணையில் இருந்த ஒருவரை அல்ல, பசியையும் சாதியையும். எதிரி யாரென்று விரல் நீட்டிக் காட்ட முடியாத போராட்டம் இது, அதனால் இன்னும் கடினம். 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கி, சாதி, மதம் பாராமல் சோறு போட்டார். அன்று மூட்டிய அடுப்பு அணையவே இல்லை. போன மாதம் போயிருந்தேன். அண்டாவிலிருந்து ஆவி பறக்க, என் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி இலையில் சோறு விழுந்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டார். "நீ யார்?" என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. 1872-இல் சத்திய ஞான சபையையும் கட்டினார். பழைய சடங்குகளுக்கு அங்கே இடமில்லை, வழிபாடு ஜோதிக்குத்தான்.

அப்பரும் சும்மா இருந்தவரல்லர், உழவாரத்தோடு கோயில் முற்றத்தில் புல் செதுக்கியவர். ஆனாலும் யார் பக்கம் என்று கேட்டால், நான் வடலூர் பக்கம். அதிகாரத்தை மறுப்பதோடு நிற்காமல், அது கைவிட்டவர்களுக்கு இலை போட்டவர் அவர்.