போர்சலினா, போன் சைனாவா?

கடையில் இரண்டுமே பீங்கான் என்றுதான் விற்கப்படுகின்றன. இரண்டும் வெண்மையானவை, இரண்டையும் விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். ஆனாலும் கடினப் போர்சலினும் போன் சைனாவும் சேர்மானத்திலும் சூளையில் வேகும் முறையிலும் வேறுபட்டவை.

போர்சலின் சீனாவில் பிறந்தது. வழவழப்பான சோழிக்கு இத்தாலியர் வழங்கிய போர்செல்லானா என்ற பெயரே அதற்கும் அமைந்தது. கயோலின் என்னும் வெண்களிமண்ணும், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்களுமே அதன் மூலப்பொருள்கள். ஐரோப்பியருக்கு நெடுங்காலம் பிடிபடாத இந்தச் செய்முறை ஜெர்மனியில் பியோட்கர் என்ற ரசவாதியின் முயற்சியால் கைகூடியபின், 1710-இல் மைசன் ஆலை தொடங்கப்பட்டது. போன் சைனா ஆங்கிலேயரின் ஆக்கம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசையா ஸ்போட் அதைச் செம்மைப்படுத்தினார். அதன் கலவையில் ஏறத்தாழப் பாதி, சுட்டெடுத்த மாட்டெலும்பின் சாம்பல். விலங்குப் பொருள்களைத் தவிர்ப்போர் இதை அறிந்துகொண்டு வாங்குவதே முறை.

என் பார்வையில் முக்கியமான வேறுபாடு சுடும் வரிசையில்தான் இருக்கிறது. கடினப் போர்சலினை முதலில் சுமார் 900 முதல் 1000 டிகிரி செல்சியஸில் இளஞ்சூடாகச் சுட்டு, மெருகுப் பூச்சில் தோய்த்து, பிறகு 1400 டிகிரி வரை வேக வைக்கிறார்கள். அந்த வெப்பத்தில் மண்ணும் பூச்சும் சேர்ந்தே உருகி ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால், கத்தியும் முள்கரண்டியும் உரசினாலும் மேற்பரப்பில் எளிதில் கீறல் விழுவதில்லை. போன் சைனாவில் வரிசை தலைகீழ். வெறும் பாத்திரத்தைச் சுமார் 1250 டிகிரியில் முழுமையாகச் சுட்டபின், அதைவிடக் குறைந்த சூட்டில் பூச்சை உருக்கி ஏற்றுவதால், அந்தப் பூச்சு சற்று மென்மையாகவே இருக்கும். மாறாக அதன் உடல் மிக உறுதியானது. மெல்லிய விளிம்புகூட எளிதில் சில்லுப் பெயராது.

நிறத்திலும் வேறுபாடு உண்டு. போர்சலினின் வெண்மையில் பெரும்பாலும் லேசான நீலச்சாயல் தெரியும். போன் சைனா பால்வெண்மை. மெல்லிய போன் சைனாக் கோப்பையை விளக்கொளியில் பிடித்தால், பின்னால் வைத்த விரல்களின் நிழல் தெளிவாகத் தெரியும். தேநீர்க் கோப்பைக்கு நான் அதையே தேர்வேன். நாள்தோறும் புழங்கும் தட்டுக்குக் கடினப் போர்சலினே ஏற்றது.

எதை வாங்கினாலும் அடிவிளிம்பில் பூச்சில்லாத வளையத்தைப் பாருங்கள். அங்கே வைத்த நீர்த்துளி உள்ளே இறங்கினால், அது இரண்டுமல்லாத, மெருகிட்ட சாதாரண மண்பாண்டம்.